ஒரு சதுர மீட்டர்

கண்ணை மூடிக்கொண்டுதான் சட்டத்தை எறியவேண்டும்.
பார்த்து எறிந்தால் அழகான இடத்தில் விழுந்துவிடும்
என்கிறாள் கேட்லின்.
ஸ்காபரோவில், மின்கோபுரங்களுக்குக் கீழே,
எனக்கு அழகில்லாத இடம் இதுவரை அகப்படவில்லை.

நான்கு பிளாஸ்டிக் குழாய். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
உள்ளே இருப்பதை எண்ணு.
வேர் உள்ளே, தலை வெளியே என்றால்
வேர் இருக்கும் இடமே கணக்கு.
விதிகளில் எனக்கு ஒத்துவராதது இது ஒன்றுதான்.

முழங்காலிட்டு எண்ணுகிறேன்.
கோல்டன்ராட் பதினேழு தண்டு.
காட்டுக் கரட்டின் வெள்ளைக் குடை நான்கு.
க்ளோவர் எண்ணி முடியாது, ‘நிறைய’ என்று எழுதலாம்.
நத்தை ஒன்று, ஓடில்லாத அதன் உறவு ஒன்று.
இலைக்கடியில் ஏதோ எட்டுக்கால்;
பெயர் தெரியாததற்கும் ஒரு கட்டம் உண்டு.
யாரோ சுரண்டித் தோற்ற லொத்தர்ச் சீட்டு.
அதற்குக் கட்டம் இல்லை.

நடுவில் மில்க்வீட்.
கிள்ளினால் பால் வடிகிறது.
எருக்கின் ஒன்றுவிட்ட தங்கை,
பனியில் நிற்கப் பழகியவள்.
அவள்மேல் மஞ்சள் கறுப்பு வெள்ளையாய்
ஒரு புழு மேய்கிறது,
சில கிழமையில் மெக்சிக்கோவுக்குப் புறப்பட வேண்டிய உடம்பு.

அவளைச் சுற்றி ஒரு கொடி.
நாயை நெரிக்கும் கொடி என்று இங்கே பேர்.
எந்த நாயையும் நெரித்ததாகத் தகவல் இல்லை.
உக்ரைன் பக்கமிருந்து வந்ததாம்.
நம் நஞ்சறுப்பானுக்கு நெருங்கிய சொந்தம்,
எருக்குக்கும் சொந்தம்.
அந்தச் சாயலில் ஏமாந்து
வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும்.
பொரித்த புழு தின்னப் பார்க்கும்.
அவ்வளவுதான்.

படிவத்தில் இரண்டு நிரல்:
மண்ணுக்குரியது, வந்தேறி.
ஆங்கிலத்தில் அந்தச் சொல் சுடவில்லை.
தமிழில் நினைத்தபோது பேனா நின்றது.
பதுளையில் எங்கள் வாசல் சுவரில்
வேறொரு மொழியில், கரித்துண்டால்,
ஒருவன் அதை எழுதியிருந்தான்.
எழுத்துப்பிழையோடு.

ஆனாலும் கொடியைப் பிடுங்கினேன், கையுறை கிழிய.
புழு கண்முன்னால் இருந்தது.
தெஸ்ஃபாலெம் கறுப்புப் பையின் வாயை விரித்துப் பிடித்தான்.
“இது வேறு மண் என்று அதற்குத் தெரியாது” என்றான்.
பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

மாலையில் எங்கள் கட்டடத்தில்
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.
இதுவும் ஒரு சதுர மீட்டர். சரி, இரண்டு.
இந்தமுறை சட்டத்துக்குள் நானும்.
பழக்கதோஷம், எண்ணினேன்:
சலவைப் பையோடு பக்தாவர் அக்கா.
பாஸ்கலும் அவன் ஹாக்கிக் கட்டையும்.
மணிலாத் தாதிகள் இருவர், ஒருத்தி நின்றபடி தூக்கம்.
நாய் ஒன்று, நெரிபடாதது.
என் காற்சட்டை மடிப்பில் ஒட்டிவந்த ஏழு விதை.
பிறகு கயானாக்காரர் வீராசாமி.

தன் பெயரை ‘விராஸமி’ என்பார்.
அதற்குப் பொருள் உண்டு என்று போன மாதம்தான் சொன்னேன்.
அவருடையவர்கள் கரும்புக்குப் போனவர்கள்,
என்னுடையவர்கள் தேயிலைக்கு.
ஒரே கடற்கரையில் நின்றிருக்கவும் கூடும்,
வேறு வேறு கப்பலைப் பார்த்து.
‘வீரன்’ என்றதும் அன்று வாய்விட்டுச் சிரித்தார்.
இன்று கதவைப் பிடித்துக்கொண்டு வியர்க்கிறார்.

வேர் எங்கே, தலை எங்கே,
இவரை எந்த நிரலில் போடுவேன்?
பக்தாவர் அக்கா அதெல்லாம் கேட்கவில்லை,
ஒரு துவாயை உருவி அவருக்கு விசிறினார்.
நாய் எல்லாக் கால்களையும் முகர்ந்துவிட்டு
என்னிடம் அதிக நேரம் நின்றது.
புல், நத்தை, கொடிப்பால்.

இருபத்தாறு நிமிடம் கழித்து
ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏறினோம்.

வீட்டில் மடிப்பை உதறினேன்.
ஏழில் ஆறுக்குப் பெயர் தெரியும்.
ஏழாவதற்குப் பஞ்சு வால்.
மில்க்வீட்டுக்கும் அதே பஞ்சு, கொடிக்கும் அதே பஞ்சு.
விதை நசுங்கியிருந்தது. விளக்கடியில் பிடித்தும் புரியவில்லை.
ஜன்னலைத் திறக்கவில்லை.
குப்பையிலும் போடவில்லை.
ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு
உலை வைக்கப் போனேன்.